பிரசாதம் சாப்பாட்டில் சேராது

"இனிமே உங்க பையனுக்குப் பசிக்காதுங்கத்தை" என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மருமகள் கோகிலா. போன வருஷம் சித்திரையில், இதே ஆஸ்பத்திரியில், இந்த நாற்காலி வரிசையில் வைத்துத்தான் சொன்னாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் யாரோ சாபம் விட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் உங்கள் வீட்டுக்காரருக்காக வந்திருக்கிறீர்களா? இன்னும் ஆபரேஷன் ஆகவில்லையா? சரி சரி. பயப்படாதீர்கள் அம்மிணி. ஆபரேஷன் ஒன்றும் பெரிய விஷயமில்லை. வயிற்றில் சின்னச் சின்னத் துளை போடுகிறார்கள், அது ஆறிப்போகிறது. வீட்டுக்குப் போன பிறகுதான் இருக்கிறது எல்லாம். அதுவும் சமைக்கிறவர்களுக்கு.

என் பையன் பேர் பூபதி. உடுமலைப்பேட்டையில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிறான். இங்கே முந்தாநாள் மறுபடி சேர்த்திருக்கிறோம். கோகிலா உள்ளே சாப்பாட்டு டாக்டரம்மாவிடம், அதுதான் டயட்டீசியன் என்கிறார்களே, அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். என்னையும் கூப்பிடுவார்களாம். வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்களும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பசி. ஆமாம்.

பூபதி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கீழே வைக்க மாட்டான், செருப்பைக் கழற்ற மாட்டான், வாசலிலிருந்தே "அம்மா, பசிக்குது" என்பான். பெரியவனாகி, கடை வைத்து, கல்யாணம் முடிந்த பிறகும் அதே வார்த்தைதான். சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்கக் கடையிலிருந்து வருவான், அப்போதும் அதேதான். அவன் அப்பா தவறிப்போன அன்றைக்குக்கூட, எல்லாரும் போன பிறகு, சமையலறைக்குள் வந்து தலையைக் குனிந்துகொண்டு, "பசிக்குதும்மா" என்றான். அன்றைக்கு நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தது அந்த வார்த்தைக்காகத்தான். இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டேன். உடம்பு இளைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி, அந்தப் பசியைத்தான் எடுத்துவிட்டோம் என்கிறாள்.

பண்ணாமலும் முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். சர்க்கரை ஏறிப்போய் ஊசி போடும்படி ஆகிவிட்டது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று கோகிலா பக்கத்தில் உட்கார்ந்தே இருப்பாள். நான் வேண்டாம் என்று அழுதபோது ஈரோட்டிலிருந்து என் மகள் சத்தியா போனில் கத்தினாள். "அம்மா, அவன் கால் விரலை அவன் பார்த்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? நீ இன்னும் சோறு சோறுன்னுட்டு இருக்கே!"

வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணி மாதிரிதான் எல்லாம். பருப்புத் தண்ணி, மோர், ஏதோ ஒரு சத்து மாவு. அப்புறம் மசித்தது. கோகிலா ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வாங்கி வந்தாள். கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவுதான் ஒரு வேளைக்கு. அதையும் மென்று மென்று, ஸ்பூனைக் கீழே வைத்து வைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. முட்டை வெள்ளை, பருப்பு, மீன், பன்னீர் இதெல்லாம் முதலில், சோறு கடைசியில், அதுவும் இடமிருந்தால். கோகிலா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கணக்குதான். பூபதி சிரிப்பான், "எங்கூட்ல சமையக்கட்டு இல்லீங்க, எடைமேடைதான் இருக்குது" என்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சொல்லக் கூடாதுதான், அந்த முதல் மாதம் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பருப்பை மசித்து, கஞ்சியை வடிகட்டி, துளித்துளியாக. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது செய்ததை மறுபடி செய்கிற மாதிரி. வாயைத் துடைத்துவிடத்தான் இல்லை. துடைக்கவும் போனேன், "அம்மா, எனக்கு மீசை இருக்குது பாரு" என்றான்.

ஆனால் குழந்தையில்கூட அவன் மூன்றாவது ஸ்பூனில் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. இப்போது திருப்பினான். "போதும்மா."

எங்கள் பக்கத்தில் போதும் என்று சொன்னால் யாரும் நிறுத்த மாட்டோம். உங்கள் பக்கம் எப்படி என்று தெரியாது. எங்களுக்கு முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைத்தால்தான் நிஜமான போதும். கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விட்டால்தான் சமைத்தவளுக்கு மனசு ஆறும். அப்படித்தான் என் மாமியார் எனக்குப் போட்டார், அப்படித்தான் நான் எல்லாருக்கும் போட்டிருக்கிறேன். அதனால் இன்னும் ஒரு ஸ்பூன் போட்டேன். அவனும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். அப்புறம் போய் வாந்தி எடுத்தான்.

கோகிலா வந்து நின்றாள். சத்தம் போடவில்லை, அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"அத்தை, அந்த ஒரு ஸ்பூனுக்கு உள்ள எடமே இல்லீங்க."

"ஒரு ஸ்பூன்தானே அம்மிணி?"

"கிண்ணத்துக்கு அளவிருக்குது. உங்க கரண்டிக்கு மட்டும் ஏனுங்கத்தை அளவே இல்லை?"

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நான் சண்டைக்காரி இல்லை. சண்டைக்குப் பதில் சாமியிடம் போகிற ஆள் நான். ஆடிக் கிருத்திகைக்குப் பழனிக்குப் போனேன். எங்களுக்குப் பழனி பக்கம், பஸ் ஏறினால் போய்விடலாம். அன்றைக்கு விரதம். நான் பட்டினி கிடப்பது எனக்குக் கஷ்டமே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் இருப்பேன். பெற்ற பிள்ளை பசியில்லாமல் இருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. படியேறிப் போய் நின்று, கண்ணை மூடி, அதைத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "முருகா, என் பையன் பசியை அவனுக்குத் திருப்பிக் கொடு."

அம்மிணி, அதுதான் நான் செய்த பாவம். அதைச் சொல்லத்தான் உங்களிடம் வாயைத் திறந்தேன். எல்லாம் அந்த வேண்டுதலால் வந்தது.

பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் பூபதிக்குத் திருநீறு பூசி, விரலில் கொஞ்சம் எடுத்து வாயில் வைப்பேன். பிரசாதம் சாப்பாட்டில் சேராது, இல்லைங்களா? யாராவது பிரசாதத்தைக் கிண்ணத்தில் போட்டு அளப்பார்களா? கோகிலா அப்போது குளித்துக்கொண்டிருப்பாள். அவள் குளிக்கிற நேரம் பார்த்து நான் கொடுத்ததாக நினைக்காதீர்கள். பூஜை நேரம் அதுதான்.

அப்புறம்தான் அவனுக்கு ஒரு தொந்தரவு வந்தது. காலையில் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடுவான். வந்து படுத்தால் முகம் வெளுத்துக் கிடக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ, ஆபரேஷனில்தான் ஏதாவது கோளாறோ என்று கோகிலா தவித்துப்போனாள். நானும் பயந்தேன். பயந்து என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் பிரசாதம் கொடுத்தேன். முருகன் காப்பாற்ற வேண்டுமே.

இங்கேதான் கூட்டி வந்தோம். இந்த டயட்டீசியன் பெண், சின்னப் பெண்தான், என் சத்தியாவைவிடச் சின்னவள், கேட்டாள். "இனிப்பு ஏதாவது குடுக்கறீங்களாம்மா? கொஞ்சமாக்கூட?"

"ஐயோ, இல்லீங்க" என்றேன். கோகிலாவும் இல்லை என்றாள். பூபதி என்னைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை அம்மிணி. இனிப்பு என்றால் லட்டு, ஜிலேபி, பாயாசம். பிரசாதத்தைப் போய் இனிப்பு என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் பொதுவாகச் சொன்னாள். இவர்களுக்கு இனிப்பு வயிற்றில் நிற்காதாம், சரசரவென்று குடலுக்குள் இறங்கிவிடுமாம், அதனால்தான் இப்படி வியர்க்குமாம், படபடக்குமாம். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போனதும் டப்பாவில் பஞ்சாமிர்தம் தீர்ந்துபோயிருந்தது. தொந்தரவும் தானாக நின்றுவிட்டது. முருகன் நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு காலம் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஊசி நின்றது. பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. குனிந்து அவனே செருப்பு வாரைப் பூட்டினான். கோகிலா அதைப் பார்த்து உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நாலு மணிக்கு வருவான், மோர் ஒரு டம்ளர் குடிப்பான், போவான். வாசலில் நின்று ஒன்றும் சொல்ல மாட்டான். நாலு மணி வந்தாலே நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம் மாசி மாதத்தில் ஒரு நாள், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கோகிலா பள்ளிக்கூடத்தில். பூபதி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"அம்மா, என்னமோ பசிக்கற மாதிரி இருக்குது."

என் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினேன், அது எங்கள் பக்கத்துச் சாப்பாடு, கொஞ்ச நேரத்தில் ஆகிவிடும். நெய் விட்டேன். நின்றுகொண்டே சாப்பிட்டான். மெதுவாகத்தான் சாப்பிட்டான், பாவம், கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு நான் பூஜை அறையில் போய் விழுந்து கும்பிட்டேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாயே அப்பா என்று.

பிறகு தினமும் நாலு மணிக்கு ஏதாவது இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. சந்தகை, நீங்கள் இடியாப்பம் என்பீர்களே, அந்த மாதிரி பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் கொஞ்சம். அது தொண்டையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வாந்தியே வராது. பார்த்துப் பார்த்து அந்த மாதிரிதான் செய்தேன். கிண்ணத்துச் சாப்பாட்டுக்கு நான் குறுக்கே போகவே இல்லை. அது கோகிலா பொறுப்பு. அதில் ஒரு பருக்கை கூட்டியதில்லை, கேட்டுப் பாருங்கள். இது நாலு மணிக்கு, டீக்குப் பதில். அவளிடம் சொல்லவில்லை என்றால், சொல்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

சித்திரைக்குள் சட்டை மறுபடி இறுக ஆரம்பித்தது. வைகாசியில் சர்க்கரை மாத்திரை மறுபடி வந்தது. அடுத்து ஊசியும் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலா எடை பார்க்கிற மெஷின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தச் சின்னக் கிண்ணம்.

"அத்தை, நான் எங்கீங்க தப்புப் பண்றேன்? எல்லாம் அளந்துதானே போடறேன். இந்தக் கிண்ணம் பெரிசாயிடுச்சா?"

அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. "நீ ஒரு தப்பும் பண்ணல அம்மிணி. பாவி நான்தான். பழனியில போயி அவனுக்குப் பசியைக் குடுன்னு வேண்டிக்கிட்டேன். அவன் குடுத்துப்போட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "போங்கத்தை. சாமி என்ன பண்ணும்? ஒரு வருஷம் போனாப் பசி திரும்பி வரும்னு டாக்டர் முன்னாலயே சொன்னாருங்க. நீங்க மனசை வருத்திக்காதீங்க." அப்படிச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கமான பெண். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

போன வாரம்தான் இது நடந்தது. நாலு மணிக்கு வந்து சந்தகை சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான். அன்றைக்கு வெல்லம் கொஞ்சம் தூக்கலாகத்தான் போட்டிருந்தேன், முகம் வாடியிருந்தது என்று. இருட்டுவதற்கு முன்னால் கடைப் பையன் ஓடி வருகிறான், "அண்ணன் கல்லாவுல சாஞ்சு உளுந்துட்டாருங்க" என்று. புருவத்தில் அடி, தையல். சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிட்டதாம். ஏறினால்தானே கெடுதல்? இறங்கியும் மயக்கம் வருமாம். இனிப்பு சாப்பிட்டால் சட்டென்று ஏறி, அதே வேகத்தில் கீழே விழுமாம். கடையாக இருக்கப்போய்ச் சரி. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால்?

தையல் ஆறட்டும் என்று பார்த்தோம். மறுபடியும் தலை சுற்றியது. முந்தாநாள் இங்கே சேர்த்துவிட்டோம்.

நேற்றுக் காலையில் கோகிலா மருந்து வாங்கப் போயிருந்தபோது நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, எல்லாம் அம்மா வேண்டுதலால வந்தது, நானே போய்த் திருப்பி வாங்கிக்கறேன்" என்றேன்.

அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"அம்மா, சாமி ஒண்ணும் பண்ணல. நீ குடுத்தா எனக்கு வேண்டாம்னு சொல்ல வராது. அவ குடுத்தாச் சொல்லிருவேன், டாக்டர் சொன்னாக் கேட்டுக்குவேன். உன்னைப் பாத்தா வராது. அதனால நீ குடுக்காத. அவ்வளவுதான்."

என் மனசு நோகக் கூடாது என்று அப்படிச் சொல்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளகின மனசு. சாமி மேல் பழி வரக் கூடாது, அம்மா மேலும் பாவம் வரக் கூடாது, எல்லாம் வெறும் சோற்று விஷயம் என்று ஆக்கிவிடப் பார்க்கிறான்.

நான் நேற்று மத்தியானமே பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். கூட்டமே இல்லை. ரொம்ப நேரம் நின்றேன். வேண்டினதைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "நீ கொடுத்ததை எடுத்துக்கொள், நான் கேட்டது தப்பு" என்றேன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது வழக்கம்போல... பாருங்கள், இந்தப் பையில். இதுதான். மூடிகூடத் திறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் அவனைப் பார்க்க உள்ளே போகும்போது கையோடு கொண்டுபோனேன். திருநீறு பூசினேன். திருநீறு மட்டும்தான் பூசினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பையைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில், நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் என் பையைப் பார்ப்பானே, அப்படிப் பார்க்கவில்லை. வேறு மாதிரி பார்த்தான். எப்படி என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு ஒருவன் தினம் ஆசையாகச் சோறு வைத்துவிட்டுக் கல்லும் எறிவான். அவன் வந்தால் அந்த நாய் வாலையும் ஆட்டும், பயந்து பின்வாங்கவும் செய்யும். சே, என்ன பேச்சு பேசுகிறேன், பெற்ற பிள்ளையைப் போய்.

அந்த நாய்க்கு வைத்த சோற்றுக்கும் இந்த டப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியவில்லை. பிரசாதம் சாப்பாட்டில் சேராது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் உள்ளே அந்தப் பெண் மறுபடி கேட்பாள், "இனிப்பு ஏதாவது?" என்று. கோகிலா பக்கத்தில் அந்தக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஆமாம், கிண்ணத்தையும் கொண்டுவந்திருக்கிறாள், டாக்டரிடம் காட்டுவதற்கு. பெரிதா சின்னதா என்று அவர்களே சொல்லட்டும் என்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நாலு மணியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள் அம்மிணி, சொல்லிவிடுவேன்.

கூப்பிடுகிறார்கள் பாருங்கள். தனபாக்கியம், அது நான்தான். இதோ வந்துட்டேங்க!

இந்த டப்பாவைக் கொஞ்சம் நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள், நீங்கள் சாப்பிடுங்கள், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். வெளியே வந்து நானே கேட்டாலும் திருப்பித் தராதீர்கள்.